வளவு வீட்டுத் திருமணத்துக்கு மாய உலகப் பின்னணி: யோசனை சொல்லுங்கள்

பள்ளத்தூர் அத்தை:

அனைவருக்கும் வணக்கம். தை மாதம் என் அண்ணன் மகளுக்குத் திருமணம். மண்டபம் வேண்டாம், செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் எங்கள் ஐயா கட்டிய வீட்டிலேயே நடத்துவது என்று முடிவாகிவிட்டது. காலையில் வளவில் (உள்முற்றத்தில்) திருப்பூட்டு, அதாவது தாலி கட்டுதல்; மாலையில் முகப்பில் (வீட்டின் முன்கூடத்தில்) வரவேற்பு.

பெண் சிறு வயதிலிருந்தே மாயக் கதைகளில் ஊறியவள். மணமேடைக்குப் பின்னால் வெறும் பூச்சுவர் நிற்கக் கூடாது, வேறொரு உலகத்தின் வாசல் திறந்ததுபோல் இருக்க வேண்டும் என்கிறாள். நகையிலும் புடவையிலும் அவள் வாயே திறக்கவில்லை. கேட்டது இது ஒன்றுதான். எப்படியும் செய்துகொடுத்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

அலங்காரக்காரர் ஒருவர் வந்து கைப்பேசியில் படங்கள் காட்டினார். கூம்புக் கோபுரம் வைத்த வெள்ளைக் கோட்டை, இறக்கை முளைத்த தேவதைகள், எங்கும் ஊதா விளக்கு. எல்லாம் தெர்மோகோல். ஒன்றே முக்கால் லட்சம் கேட்டார். படத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை எங்கள் தேக்குத் தூண்களுக்கு நடுவே வைத்துக் கற்பனை செய்தால், யார் வீட்டிலோ யாருக்கோ கல்யாணம் நடப்பதுபோல் இருக்கிறது. மனம் ஒட்டவில்லை.

முகப்பில் இரண்டு தூண்களுக்கு இடையே 14 அடி. தரையிலிருந்து உத்தரம் வரை 11 அடி. தரை முழுவதும் ஆத்தங்குடிக் கல். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

சவுக்குக் கட்டு:

நான் பந்தல் தொழிலில் 22 ஆண்டுகளாக இருக்கிறேன். எந்த உலகம் வேண்டுமானாலும் கட்டலாம் அம்மா, முதலில் வீட்டைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

பர்மா தேக்குத் தூணில் ஒரு ஆணிகூட இறங்கக் கூடாது. ஒப்பந்தத்தில் இதை எழுதி வாங்குங்கள். வேலையாட்கள் அவசரத்தில் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்த ஓட்டை அடுத்த நூறு வருஷத்துக்கு அங்கேயே இருக்கும். தூணில் கயிறு கட்ட வேண்டி வந்தால், கீழே சாக்கை நான்காக மடித்துச் சுற்றிவிட்டு அதன் மேல் கட்டச் சொல்லுங்கள். முட்டை வெண்கரு சேர்த்துப் பூசிய பழைய சுவரில் ஒட்டு நாடா ஒட்ட விடாதீர்கள். உரிக்கும்போது பழைய பூச்சு செதில் செதிலாகக் கையோடு வருவதைப் பார்த்து நான் அழாத குறை.

சட்டம் தானாக நிற்க வேண்டும். சவுக்கும் மூங்கிலும் போதும். அடியில் இரண்டு பக்கமும் மணல் மூட்டை. இரும்புக் குழாயில் கட்டினால் அதன் அடித்தகடு தரையைக் கீறும், அதனால் கீழே சாக்கும் பழைய ஜமுக்காளமும் போட வேண்டும். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது அல்ல, சிமெண்டும் மணலும் வண்ணப்பொடியும்தான். கறை உள்ளே இறங்கிவிடும். ஆலத்தித் தண்ணீரைக்கூட தாம்பாளத்தை விட்டுச் சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் கறை எடுக்கிறேன் என்று யாராவது ஆசிட் ஊற்றினால் கல்லின் மேல் வண்ணமே போய்விடும்.

தெர்மோகோலைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அது எரிவதற்குமுன் உருகும், உருகிச் சொட்டும், புகை கரியாக வரும். குத்துவிளக்கும் சூடமும் இருக்கும் இடத்தில் அதை நான் வைப்பதில்லை.

கண்டனூர்ப் பேத்தி:

மேலே சொன்னதை அப்படியே கேளுங்கள். என் அக்கா திருமணத்தில் இதே கோட்டைதான் வைத்தோம். ஊரையும் ஆளையும் சொல்லப் போவதில்லை. மாலை ஆறு மணிக்கு மேடையேறியபோது பெரிய மின்விளக்கின் சூட்டில் ஒரு கோபுரத்தின் நுனி மெதுவாகக் குனிந்துகொண்டே வந்தது. எட்டு மணிக்கு அது அக்காவின் தலைக்கு நேர் மேலே வளைந்து நின்றது. தீப்பிடிக்கவில்லை, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் ஆல்பத்தில் பாதிப் படங்களில் அந்த வளைந்த கோபுரம் இருக்கிறது. அக்கா இன்றுவரை அந்த ஆல்பத்தைப் பிரிப்பதில்லை.

தமிழாசிரியர் (ஓய்வு):

அம்மா, நீங்கள் மாய உலகத்தை எங்கோ தேடுகிறீர்கள். உங்கள் நகரத்தார் (செட்டிநாட்டு வணிகர்) மரபே ஒரு கடற்கதையில்தான் தொடங்குகிறது. காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்றுதான் பாட்டன்மார் சொல்லி வந்திருக்கிறார்கள். அந்த நகரைக் கடல் கொண்டதை மணிமேகலை சொல்கிறது: சோழன் இந்திர விழாவை எடுக்க மறந்தான், ஊரைக் கடல் விழுங்கியது. வீட்டை ஆள் உயரத்துக்கு மேடாக்கிக் கட்டுவதற்கும் அந்த நினைவைத்தான் ஊரில் காரணம் சொல்வார்கள்.

கடலுக்கடியில் இன்னும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும் அந்தப் புகார் நகரத்தைப் பின்னணியாக வைத்துப் பாருங்கள். மாட மாளிகைகள், முத்துப் பந்தல், தெருவில் மீன்கள் திரிகின்றன. மேலே மணிமேகலா தெய்வம். அந்தத் தெய்வம்தான் மணிமேகலையை வான்வழியே மணிபல்லவத் தீவுக்குத் தூக்கிச் சென்றது. அங்கே கோமுகிப் பொய்கையிலிருந்து எழுந்ததுதான் எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி. திருமண விருந்துக்கு இதைவிடப் பொருத்தமான மாயப் பொருள் உண்டா?

தேவகோட்டை ஆச்சி:

வாத்தியார் அவர்களே, உங்கள் தமிழ் எனக்குப் பிடிக்கும். ஆனால் இதை ஒப்புக்கொள்ள முடியாது. ஊரே மூழ்கிய காட்சியைப் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் பின்னால் வைப்பதா? விளக்கு எரிந்தால் மட்டும் அது மங்கலமாகிவிடுமா? அடுத்தது, மணிமேகலை துறவு பூண்டவள். அவளை விரும்பி வந்த இளவரசன் வெட்டுண்டு மாண்டான். அந்தக் கதையைத் தெரிந்தவர் ஒருவர் விருந்துக்கு வந்தாலும் மனம் சங்கடப்படும். அமுதசுரபி நல்ல பொருள்தான், அது வந்த கதை கல்யாண வீட்டுக்கு உரியது அல்ல.

எனக்கு எழுபத்தொன்று ஆகிறது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். திருப்பூட்டு நடக்கும் இடத்தில் எந்தப் பின்னணியும் வேண்டாம். அங்கே நடுவீட்டுக் கோலமும் மணையும் விளக்கும் இருக்கின்றன. அதற்கு மேல் ஒன்று வைத்தால் கண் அங்கே போகும், கழுத்துருவில் (நம் தாலியில்) நிற்காது. உங்கள் மாய உலகம் மாலையில் முகப்போடு இருக்கட்டும்.

தமிழாசிரியர் (ஓய்வு):

ஆச்சி சொல்வது சரி. அந்த இளவரசன் உதயகுமாரனின் முடிவை நான் யோசிக்காமல் எழுதிவிட்டேன். கதையை எடுத்தால் முழுவதுமாகத்தான் எடுக்க வேண்டும். திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் கடலை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஒளிக்கூடம்:

நான் திருமணப் படம் எடுப்பவன். கருப்பொருளில் தலையிடவில்லை. பின்னணியைக் கண்ணால் பார்ப்பவர்கள் ஒரு மாலை மட்டுமே பார்ப்பார்கள், படத்தில் பேரன் பேத்திவரை பார்ப்பார்கள். அதனால் என் பக்கத்தையும் கேளுங்கள்.

மேடை ஒரு அடி உயரம் என்றால் நிற்பவர்களின் தலை தரையிலிருந்து ஆறு முதல் ஏழு அடிக்குள் வரும். அந்த உயரத்தில், நடுவில், கூர்மையான எதுவும் இருக்கக் கூடாது. ஒரு வீட்டில் நடுவே யாளி முகம் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு படத்திலும் மாப்பிள்ளையின் தலையிலிருந்து இரண்டு கொம்புகள் முளைத்திருந்தன. நுணுக்கமான வேலையெல்லாம் இரு ஓரங்களிலும் தலைக்கு மேலேயும் போகட்டும். நடுவில் அமைதியான, ஒரே வண்ணப் பரப்பு.

அந்தப் பரப்பு தங்க நிறமாக இருக்க வேண்டாம். பட்டும் நகையும் அதில் கரைந்துவிடும். மயில் கழுத்துப் பச்சையோ ஆழ்ந்த கடல் நீலமோ இருந்தால் கழுத்துரு தனியாக எழுந்து தெரியும். வண்ணம் துணியில் இருக்க வேண்டும், விளக்கில் அல்ல. ஊதா விளக்கு பட்டால் மஞ்சள் பூசிய முகம் சாம்பல் படிந்ததுபோலாகும், தங்கம் பித்தளையாகத் தெரியும். 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சம் போதும். மலிவான எல்.இ.டி. வேண்டாம். நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி. அதற்கேற்ப அந்த விளக்குகள் துடிப்பதால் காணொளியில் பட்டை பட்டையாக ஓடும். முதல் நாளே விளக்கைப் போட்டுக் கேமராவில் பார்த்துவிட வேண்டும்.

பெண்:

நான்தான் அந்தப் பெண். அத்தை இங்கே கேட்டிருப்பது இன்று காலைதான் தெரிந்தது. எல்லாவற்றையும் படித்துவிட்டேன்.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். எனக்குக் கோட்டைதான் வேண்டும் என்பது இல்லை. ஆனால் "அது வெளியூர்ச் சரக்கு, நமக்கு ஆகாது" என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். எங்கள் வீட்டு நிலையில் கஜலட்சுமி இருக்கிறாள். வளவில் நிற்கும் மரம் பர்மாவிலிருந்து வந்தது, தரையில் கிடக்கும் பளிங்கு இத்தாலியிலிருந்து வந்தது, நிலைக்கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து வந்தது. தெருவில் நடந்தால் வீட்டு உச்சியில் தெய்வங்களுக்குப் பக்கத்திலேயே தொப்பி போட்ட வெள்ளைக்காரச் சிப்பாய் சுதையில் நிற்கிறான். நம் பாட்டன்மார் எதையும் கதவடைத்து நிறுத்தவில்லை.

எனக்குச் சின்ன வயதில் நடந்ததைச் சொல்கிறேன். விடுமுறைக்கு வந்தால் மதியம் எல்லாரும் உறங்கும்போது நான் இரண்டாங்கட்டில் (வளவுக்கு அடுத்த உள்பகுதியில்) தனியாக உட்கார்ந்திருப்பேன். ஜன்னலின் வண்ணக்கண்ணாடி வழியே வெயில் தரையில் விழும். பச்சையும் நீலமுமாக ஒரு திட்டு. அது மெல்ல நகர்ந்து தூணில் ஏறும். தூணின் அடியில் செதுக்கிய மீன் ஒன்று இருக்கிறது. நீல வெளிச்சம் அதன் மேல் வரும்போது அது நீந்தும். அரைமணி நேரம் நீந்திவிட்டுத் திரும்ப மரமாகிவிடும். மாய உலகம் என்று நான் சொன்னது அதைத்தான். அத்தையிடம் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

சுதைவேலை:

பெண்ணே, நீ சொன்ன மீனைப் படித்ததும் என் மனத்தில் முழு வடிவமும் வந்துவிட்டது.

நான் கோயில் சுதை வேலை செய்பவன். பின்னணி என்பது நமக்குப் புதிது அல்ல. உற்சவ மூர்த்திக்குப் பின்னால் நிற்கும் திருவாசி என்ன? இரு பக்கமும் அடியில் மகரம். யானையின் துதிக்கை, மீனின் உடல், இலைக்கொத்தாக விரியும் வால். அதன் வாயிலிருந்து கொடி கிளம்பி வளைந்து ஏறி, உச்சியில் சிங்கமுகத்தில் சேரும். ஓர் உருவத்தைச் சுற்றி இன்னொரு உலகத்தை எழுப்புவதற்கு இதைவிடத் தேர்ந்த வடிவத்தை நான் கண்டதில்லை. ஒளிக்கூடம் கேட்டதெல்லாம் இதில் தானாகவே அமைந்திருக்கிறது: ஓரங்களில் வேலைப்பாடு, உச்சியில் ஒரு முகம், நடுவில் வெற்றிடம்.

14 அடிக்கு 11 அடியில் இரண்டு மகரங்கள், ஒவ்வொன்றும் ஐந்தடி உயரம். வாயிலிருந்து கொடிக்குப் பதிலாக அலை கிளம்பட்டும். காகிதக்கூழில் செய்யலாம். புளியங்கொட்டைப் பசையில் கொஞ்சம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலந்தால் பூச்சி வராது. தை மாதப் பனியில் காகிதம் இளகும் என்பதால் மேலே இரண்டு கை வார்னிஷ் அவசியம்.

தேவகோட்டை ஆச்சி:

திருவாசி சாமிக்கு உரியது. மனிதர்களை அதன் முன்னால் நிறுத்தலாமா?

சுதைவேலை:

நியாயமான கேள்வி ஆச்சி. நானும் யோசித்தேன். திருவாசியின் விளிம்பில் வரும் தீச்சுடர்களை வைக்கப் போவதில்லை, உச்சியில் சிங்கமுகமும் வேண்டாம். அவை இரண்டும் போனால் அது திருவாசி அல்ல, மகர தோரணம். வாசல் நிலைக்கு மேலே நாம் காலங்காலமாக வைப்பதுதான்.

தேவகோட்டை ஆச்சி:

அப்படியென்றால் சரி.

கண்டனூர்ப் பேத்தி:

உச்சியில் சிங்கமுகம் இல்லையென்றால் ஒரு கப்பல் வைக்கலாமே? எங்கள் ஐயா ரஜூலா கப்பலில் பினாங்குக்குப் போனவர். அவருடைய மரப்பெட்டி இன்னும் வீட்டில் இருக்கிறது. நீராவிக் கப்பல் வேண்டாம், அதற்கு முன்னால் ஓடிய பாய்மரக் கப்பல். பாய்க்குக் காரைக்குடிக் கண்டாங்கிப் புடவையை விரித்துக் கட்டினால் எப்படி இருக்கும்! அரக்குக் கட்டம், மஞ்சள் கரை. அலைக்கு மேல் அந்த நிறம் மட்டும் கொழுந்துவிட்டு நிற்கும்.

தேவகோட்டை ஆச்சி:

கப்பல் வைப்பதானால் ஒன்றை மறக்காதீர்கள். என் அப்பத்தா பதினாறு வயதில் தாலி கட்டிக்கொண்டவர். மூன்றாம் மாதம் அவர் கணவர், என் அப்பச்சியின் (தந்தையின்) அப்பா, கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்யப் புறப்பட்டுப் போனார். திரும்பி வர நான்கு ஆண்டுகள் ஆயின. இந்த ஊர்ப் பெண்களுக்குக் கப்பல் என்றால் போவதுதான் முதலில் நினைவுக்கு வரும். ஆகவே உங்கள் கப்பல் வந்து சேருகிற கப்பலாக இருக்க வேண்டும். அதன் முகம் வீட்டுப் பக்கம் பார்க்கட்டும். பாய் பாதி இறங்கியிருக்கட்டும். கரைக்கு வரும்போது பாயைச் சுருக்குவார்கள்.

பெண்:

ஆச்சி, இதைப் படித்துவிட்டு அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கப்பல் வருகிறது. அது முடிவு.

பள்ளத்தூர் அத்தை:

இரண்டு நாட்களாக வீடே இதைத்தான் பேசுகிறது. மகரத்தின் செதிலுக்கு ஒரு யோசனை எனக்கு வந்திருக்கிறது, தவறென்றால் சொல்லுங்கள்.

தாம்பூலத்துக்கு எப்படியும் பனையோலைக் கொட்டான் (சிறு கூடை) வாங்க வேண்டும். இந்த முறை நானூறு. சிறியவை, உள்ளங்கை அளவு. அவற்றையே செதிலாக வைத்தால் என்ன? நேற்று வீட்டில் இருந்த பழைய கொட்டான்கள் இருபதை எடுத்து, ஒரு மூங்கில் தட்டியில் அடிப்பக்கம் வெளியே தெரியும்படி வரிசையாகக் கட்டிப் பார்த்தேன். கீழ் வரிசையின் மேல் மேல் வரிசை பாதி ஏறி நிற்க வேண்டும், ஓடு வேய்வதுபோல. சாயம் ஏற்றிய ஓலையும் ஏற்றாத ஓலையும் மாறி மாறி வரும் பின்னல் அல்லவா, பக்கவாட்டில் கைவிளக்கைப் பிடித்தபோது ஒவ்வொன்றும் தன் நிழலை அடுத்ததன் மேல் போட்டது. விளக்கை நகர்த்தினேன், செதில்கள் அசைந்தன. அண்ணன் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நின்றுகொண்டிருந்தார்.

வரவேற்பு முடிந்ததும் அவற்றை அவிழ்த்து வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்துவிடலாம். ஒவ்வொருவர் வீட்டுக்கும் மகரத்தின் ஒரு செதில் போகும்.

சவுக்குக் கட்டு:

அம்மா, அருமை. ஆனால் கம்பியால் கட்டாதீர்கள், ஓலை கிழியும். வாழை நார் போதும், அவிழ்ப்பதும் எளிது. இன்னொன்று: முழு நானூறையும் கட்டிவிட்டால் விருந்து முடிந்து கிளம்புகிறவர்களுக்குக் கொடுக்க ஏழு மணிக்கே அவிழ்க்க வேண்டிவரும், மகரம் பாதி மேனியோடு நிற்கும். இருநூற்றைம்பதைக் கட்டுங்கள். மீதி நூற்றைம்பதை முதலில் கிளம்புகிறவர்களுக்குக் கொடுங்கள்.

அலை நுரைக்கு நெட்டி (நீர்ச்செடியின் வெண்தண்டு) பாருங்கள். தஞ்சாவூரில் நெட்டி வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். தெர்மோகோல் வெண்மை கண்ணைக் குத்தும், நெட்டி பால் வெண்மை. எடையே இருக்காது. அதுவும் தீப்பற்றும் என்பதால் விளக்கிலிருந்து தள்ளி, மேல் பக்கம் மட்டும் வையுங்கள். ஒரு வாளி மணலும் ஒரு வாளித் தண்ணீரும் சட்டத்துக்குப் பின்னால் இருக்கட்டும்.

ஒளிக்கூடம்:

மூன்று அடுக்காக நிறுத்துங்கள். பின்னால் கடல் நீலத் துணி, ஓர் அடி முன்னால் கப்பலும் அலையும், இன்னோர் அடி முன்னால் மகரங்கள். இடைவெளிகளில் கீழிருந்து விளக்கு. எல்லாவற்றையும் ஒரே பலகையில் ஒட்டினால் காலண்டர் படம்போல் தட்டையாகிவிடும். அந்தப் பெண் சொன்ன நீந்தும் மீனுக்கும் வழி இருக்கிறது. நீலமும் பச்சையுமான கண்ணாடித் துண்டுகளை ஒரு சட்டத்தில் பொருத்தி, விளக்குக்கு முன்னால் ஒருவர் கையால் மெல்ல ஆட்டினால் போதும். மின்கருவி எதுவும் தேவையில்லை. வெளிச்சத் திட்டு மகரத்தின் மேல் மட்டும் ஊரட்டும், முகங்களின் மேல் வேண்டாம்.

பெண்:

இரண்டாங்கட்டு ஜன்னலில் உடைந்து விழுந்த கண்ணாடிகளை அப்பத்தா ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்துவைத்திருக்கிறார். இப்போதுதான் தேடி எடுத்தேன். நீலம் ஐந்து, பச்சை எட்டு, ஒரே ஒரு சிவப்பு.

சுதைவேலை:

சிவப்பை என்னிடம் கொடுத்துவிடு. இரண்டாக அறுத்து இரண்டு மகரங்களுக்கும் கண் வைக்கிறேன். உடல், செதில், அலை எல்லாம் முடிந்து சட்டம் நின்ற பிறகுதான் கண் வைப்போம், அது எங்கள் வழக்கம். வரவேற்புக்கு முதல் நாள் மாலை வருகிறேன். பள்ளத்தூர் அத்தை, ஏணி பத்தடிக்குக் குறையாமல் வேண்டும், காலில் சாக்கு கட்டி வையுங்கள்.

பள்ளத்தூர் அத்தை:

ஏணி இருக்கிறது. சாக்கும் கட்டியாயிற்று. அலங்காரக்காரரிடம் கோட்டை வேண்டாம் என்று இன்று சொல்லிவிட்டேன். மூங்கில் செவ்வாய்க்கிழமை வருகிறது.